நான்கு துறைகளும் ஒரு குழந்தையும்

கவிதைத் தொகுப்பு ஒன்று வெளிவந்தால் திறனாய்வு எழுதுகிறோம். புதினம் ஒன்று வெளிவந்தால் அதன் நிறைகுறைகளைத் தராசிலிட்டுப் பார்க்கிறோம். ஆனால், நம் வீட்டுப் பிள்ளைகளின் வாழ்வில் மூன்றாண்டு, ஐந்தாண்டு என்று எடுத்துக்கொள்ளும் பல்கலைக் கழகப் பாடத்திட்டத்தை மட்டும் நாம் திறனாய்வதில்லை. அதுவும் ஒரு நூலே. அதை எழுதியவர்கள் உண்டு; படிப்பவர்கள் உண்டு. அதில் சொல்லப்பட்டவை உண்டு. சொல்லாமல் விடப்பட்டவையும் உண்டு. நூலைப் பார்க்கும் கண்கொண்டு அதையும் பார்த்தால் என்ன என்ற எண்ணம், சில மாதங்களுக்கு முன் ஒரு நிக்காஹ் வீட்டில் எனக்கு உண்டாயிற்று.

பந்தி முடிந்து, வெற்றிலைத் தட்டைச் சுற்றிப் பெரியவர்கள் அமர்ந்திருந்த நேரம். எண்பதை நெருங்கிய ஒரு பெரியவர் என்னைப் பார்த்து, "தம்பி, நீங்கள் படிப்பு விஷயம் தெரிந்தவர். என் பேத்தி பன்னிரண்டாம் வகுப்பு முடித்திருக்கிறாள். மனோதத்துவம் படிக்கப் போகிறேன் என்று ஒற்றைக் காலில் நிற்கிறாள். அது பைத்தியம் பிடித்தவர்களைப் பார்க்கிற படிப்பல்லவா? பெண்பிள்ளைக்கு அது எதற்கு? ஏதாவது ஒரு பட்டம், பிறகு பி.எட். என்று முடித்து டீச்சராகிவிட்டால், சம்பந்தம் பேச வருகிறவர்களுக்கும் நிறைவாக இருக்குமே" என்றார். "அத்தா, அவள் விருப்பத்தையும் கேட்போமே" என்று அவருடைய மகன் மெல்லச் சொன்னார். அத்தா செவிசாய்க்கவில்லை.

பேச்சு வளர்ந்தது. இன்னொருவர், தம் மகன் படப்பிடிப்பும் தொலைக்காட்சியும் படிக்கப் போவதாகச் சொல்லுவதை, ஏதோ வீட்டைவிட்டு ஓடிப்போவதாகச் சொன்னதைப்போல் வருந்திக் கூறினார். ஓவியக் கல்லூரி என்ற பேச்சு வந்ததும், "மதிப்பெண் வராத பிள்ளைகள் போகிற இடம்" என்று ஒரே சொல்லில் முடித்துவிட்டார்கள். ஆக, கால் மணி நேரத்திற்குள் நான்கு துறைகளுக்கு நான்கு தீர்ப்புகள் வழங்கப்பட்டுவிட்டன. கல்வியியல், பெண்ணுக்குப் பாதுகாப்பான வேலை. உளவியல், பைத்தியக்காரர்களைப் பற்றிய படிப்பு. ஊடகவியல், பையன் கெட்டுப்போகும் வழி. கலை, வேறு கதியற்றவர்களின் புகலிடம்.

இத்தீர்ப்புகளை அறியாமை என்று தள்ளிவிடுவது எளிது. ஆனால் நீதி அதுவன்று. இந்நான்கு துறைகளையும் இவ்வாறு தனித்தனித் தீவுகளாகப் பெற்றோருக்குக் காட்டியவை பல்கலைக் கழகங்களே அல்லவா? நான்கும் ஆராய்வது ஒரே பொருளைத்தான்: வளர்கின்ற மனித உள்ளத்தை. அந்த உள்ளம் எப்படிக் கற்கிறது என்பது கல்வியியல். எப்படி இயங்குகிறது என்பது உளவியல். இன்னோர் உள்ளத்தோடு எப்படித் தொடர்பு கொள்கிறது என்பது ஊடகவியல். தன்னை எப்படி வடித்துக் காட்டுகிறது என்பது கலை. பொருள் ஒன்றாயிருக்க, கட்டடங்கள் நான்காயின. கட்டடங்கள் நான்கானதால் கேடில்லை. நான்கிலிருந்தும் குழந்தை வெளியேறிவிட்டதே கேடு. இதுவே இக்கட்டுரையின் வழக்கு.

வெறும் தத்துவமாக இதைச் சொல்லவில்லை. இந்நான்கும் ஒரே முற்றத்தில் வளர்ந்த ஓரிடம் நம் நாட்டில் இருந்தது. இன்றும் பல்கலைக் கழகமாக இருக்கிறது. தில்லியிலுள்ள ஜாமிஆ மில்லியா இஸ்லாமியாவைத்தான் குறிப்பிடுகிறேன்.

ஒத்துழையாமை இயக்கத்தின் அலை நாடெங்கும் வீசிய காலத்தில், அரசின் உதவி பெறும் கல்விக் கூடங்களைத் துறந்து வெளியேறிய மாணவர்களுக்காகவும் ஆசிரியர்களுக்காகவும் 1920 அக்டோபர் 29ஆம் நாள் அலிகாரில் அது தோன்றியது. மௌலானா முகம்மது அலீ ஜௌஹர் அதன் முதல் துணைவேந்தர். ஹகீம் அஜ்மல் கான் முதல் வேந்தர். 1925இல் தில்லிக்கு இடம் பெயர்ந்தது. மறு ஆண்டு, ஐரோப்பாவில் உயர்கல்வி கற்ற டாக்டர் ஜாகிர் ஹுசைன், டாக்டர் ஆபித் ஹுசைன், பேராசிரியர் முகம்மது முஜீப் ஆகிய மூவரும் வந்து சேர்ந்தனர். பணமில்லை, கட்டடமில்லை. 1928இல் அங்குள்ள ஆசிரியர்கள், மாதம் 150 ரூபாய்க்கு மேல் ஊதியம் பெறுவதில்லை, இருபது ஆண்டுகள் இங்கேயே பணிபுரிவோம் என்று உறுதி பூண்டனர்.

அவர்கள் முதலில் கண்ணாக வளர்த்தது பல்கலைக் கழக வகுப்பை அன்று, தொடக்கப் பள்ளியை. அங்கே குழந்தைகளே ஒரு சிறு கடையை நடத்தினார்கள். ஒரு சிறு வங்கியை நடத்தினார்கள். கடை நடத்தியவனுக்குக் கணக்குத் தனிப்பாடமாகத் தோன்றவில்லை. குழந்தைகளுக்கென்றே 'பயாமே தஃலீம்' என்னும் இதழ் வெளிவந்தது. பிற்காலத்தில் நாட்டின் குடியரசுத் தலைவராக உயர்ந்த ஜாகிர் ஹுசைன் அவர்களே குழந்தைகளுக்குக் கதை எழுதினார். சங்கிலியை வெறுத்து மலையேறிய ஓர் ஆட்டின் கதையாகிய 'அப்பூ கானின் ஆடு' இன்றும் உருது பேசும் வீடுகளில் அறியப்பட்டது. வரலாற்றறிஞரான முஜீப் அவர்கள் நாடகங்கள் எழுதி, மாணவர்களைக் கொண்டு மேடையேற்றினார். பெர்லின் நகரத்து யூதக் குடும்பத்தில் பிறந்த கெர்டா பிலிப்ஸ்பார்ன் என்ற அம்மையார், அங்கே குழந்தைகள் நடுவே தங்கிப் பணிபுரிந்தார். பிள்ளைகள் அவரை 'ஆபா ஜான்' என்று அழைத்தனர். 1943இல் அவர் அங்கேயே மறைந்தார். இன்றும் ஜாமிஆவின் குழந்தைகள் காப்பகம் அவர் பெயரைத் தாங்கி நிற்கிறது.

1935 மார்ச் முதல் நாள், ஓக்லாவில் புதிய வளாகத்திற்கு அடிக்கல் நாட்டு விழா. அடிக்கல் நாட்டத் தலைவர்களுக்கா பஞ்சம்? ஆயினும் அந்தக் கல்லை நாட்டியவர், பள்ளியிலேயே மிகச் சிறியவரான அப்துல் அஸீஸ் என்னும் சிறுவர். ஒரு கல்வி நிலையம் தன் கொள்கையை இதைவிடத் தெளிவாக அறிவித்திருக்க முடியாது.

அங்கே கல்வி இருந்தது. அதனுள்ளேயே உளவியல் இருந்தது. இதழும் கதையும் இருந்தன. நாடகமும் கைத்தொழிலும் இருந்தன. எதற்கும் தனித்துறை இல்லை. நடுவில் குழந்தை இருந்தது. அதனால்தான், 1937 அக்டோபரில் வார்தாவில் கூடிய கல்வி மாநாடு அடிப்படைக் கல்வித் திட்டத்தை வகுக்க ஒரு குழுவை அமைத்தபோது, தலைமை ஜாகிர் ஹுசைன் அவர்களுக்கு வந்தது. ஏழாண்டுக் கட்டாயக் கல்வி, தாய்மொழி வழியில், ஒரு கைத்தொழிலை மையமாகக் கொண்டு என்பது அக்குழுவின் பரிந்துரை. அத்திட்டத்திற்கு ஆசிரியர்களை உருவாக்க 1938இல் ஜாமிஆவில் ஆசிரியப் பயிற்சிப் பள்ளி எழுந்தது. பள்ளி முன்னே, பயிற்சிக் கல்லூரி பின்னே. இந்த வரிசை முறையை வாசகர்கள் மனத்தில் இருத்த வேண்டும்.

பிறகு காலம் மாறிற்று. 1962இல் ஜாமிஆ நிகர்நிலைப் பல்கலைக் கழகமாயிற்று. 1988இல் நாடாளுமன்றச் சட்டத்தின்படி மத்தியப் பல்கலைக் கழகமாயிற்று. கல்வியியல், உளவியல், நுண்கலை என்று தனித்தனியே துறைகள் எழுந்தன. 1982இல், துணைவேந்தர் அன்வர் ஜமால் கித்வாய் அவர்களின் முயற்சியாலும், கனடா நாட்டு யார்க் பல்கலைக் கழகத்தின் ஒத்துழைப்பாலும் வெகுஜனத் தொடர்பு ஆய்வு மையம் தொடங்கிற்று. இது வளர்ச்சி, மறுப்பதற்கில்லை. ஆனால் இந்திய நாட்டுப் பல்கலைக் கழகங்கள் அனைத்தும் போகின்ற பாதையில், நான்கும் நான்கு தேர்வுகளாகவும் நான்கு பட்டங்களாகவும் பிரிந்துபோகும் அபாயம் இவ்வளர்ச்சியிலேயே உள்ளடங்கியிருக்கிறது. ஒவ்வொன்றாகப் பார்ப்போம்.

முதலில் கல்வியியல். தேசிய ஆசிரியர் கல்விக் குழு 2014இல் வகுத்த விதிகளின்படி பி.எட். படிப்பு ஈராண்டாயிற்று. அதில் இருபது வாரங்கள் பள்ளியிலே கழிய வேண்டும் என்பது விதி. எழுத்தளவில் குறை சொல்ல இடமில்லை. நடப்பில் என்ன காண்கிறோம்? பல இடங்களில் அவ்விருபது வாரங்களின் விளைவு, ரெக்கார்டு நோட்டுகளின் அடுக்காக முடிகிறது. பாடக்குறிப்பு அழகாக எழுதப்பட்டிருக்கும், கடையில் வாங்கிய சார்ட்டு சுவரில் தொங்கும், மேற்பார்வையாளர் கையெழுத்திடுவார். கடைசி வரிசையில் எழுத்துக்கூட்டத் தெரியாமல் தலைகுனிந்திருக்கும் பிள்ளையின் பெயர் அந்த நோட்டில் எங்கும் இராது. நாற்பது பிள்ளைகளுக்கு வகுத்த திட்டம் அது. ஒரு பிள்ளையை அறிந்து எழுதியதன்று. கற்பிக்கும் கலை கற்பிக்கப்படுகிறது. கற்கும் குழந்தை மட்டும் வகுப்பிற்கு வருவதில்லை.

பெற்றோராகிய நமக்கும் இதில் பங்குண்டு. பெண்ணுக்குப் பாதுகாப்பான வேலை என்பதற்காகவே பி.எட். என்று நாம் முடிவு செய்யும்போது, அந்த வேலைக்கு வேண்டிய உள்ளம் அவளுக்கு உண்டா என்று கேட்பதில்லை. விருப்பமின்றி ஆசிரியையாகும் ஒருத்தி முப்பது ஆண்டுகள் பணிபுரிவாள். அந்த முப்பது ஆண்டுகளில் அவள் முன் வந்தமரும் குழந்தைகள் யாருடைய குழந்தைகள்?

இரண்டாவது உளவியல். நம் நாட்டில் இத்துறை புதியதன்று. கல்கத்தாப் பல்கலைக் கழகத்தில் 1916லும், மைசூரில் 1924லும், சென்னையில் 1943லும் உளவியல் துறைகள் தோன்றின. அதற்கும் முன்னே, பாரிஸ் நகரில் ஆல்பிரட் பீனே 1905இல் வகுத்த நுண்ணறிவுச் சோதனை, பள்ளியில் பின்தங்கிய பிள்ளைகளில் யாருக்குத் தனி உதவி தேவை என்று கண்டறிவதற்காகப் பிறந்தது. வகுப்பறையின் துயரத்திலிருந்து, உதவும் நோக்கத்தோடு பிறந்த சோதனை, பின்னாளில் பல நாடுகளில் 'இவன் அறிவாளி, இவன் மந்தன்' என்று முத்திரை குத்தும் கருவியாக்கப்பட்டது. நம் மாணவர் சோதனையின் பெயரையும் ஆண்டையும் மனப்பாடம் செய்கிறார். அதன் நோக்கம் வழிமாறிய வரலாற்றைக் கற்கிறாரா? பனி பெய்யும் நாட்டுச் சிறுவனுக்காக எழுதிய வினாவைக் கடலோரத்து மீனவச் சிறுவனிடம் கேட்டால் பிழை எவருடையது என்று சிந்திக்க அவருக்குப் பழக்கம் உண்டா?

உளவியல் நமக்கு எதற்கு என்று கேட்ட பெரியவருக்கு நான் உடனே ஒன்றும் சொல்லவில்லை. சொல்லியிருந்தால் ஓர் ஊரின் பெயரைச் சொல்லியிருக்க வேண்டும். 2001 ஆகஸ்ட் 6ஆம் நாள் அதிகாலையில், ஏர்வாடியில் தர்காவையொட்டி நடந்துவந்த தனியார் மனநோயாளர் காப்பகம் ஒன்றில் தீப்பற்றிற்று. சங்கிலியால் பிணைக்கப்பட்டிருந்ததால் தப்பியோட இயலாமல் 28 பேர் மாண்டனர். அவர்களை அங்கே கொண்டுவந்து விட்டவர்கள் கொடியவர்கள் அல்லர். வேறு வழியறியாத தாய் தந்தையர். பல மதத்தவரும் அவர்களுள் இருந்தனர். மனிதரைச் சங்கிலியால் பிணைப்பதை 2017ஆம் ஆண்டு மனநலப் பாதுகாப்புச் சட்டம் முற்றாகத் தடை செய்துவிட்டது. ஆனால் சட்டம் சங்கிலியை அவிழ்க்கும். அவிழ்த்த பின் அந்த மனிதரோடு அவர் மொழியில் அமர்ந்து பேச ஓர் ஆள் வேண்டுமே? குஜராத்தில் மீரா தாத்தார் தர்காவில் 2008இல் தொடங்கிய ஒரு திட்டம், தர்காவுக்கு வருபவரைத் துஆவை விட்டுவிடச் சொல்லாமல், துஆவோடு மருந்தையும் சேர்த்துக்கொள்ளச் செய்தது. பின்னர் அம்முறை ஏர்வாடிக்கும் வந்தது. அங்கே தேவைப்படுபவர், நம் மக்களின் நம்பிக்கையை எள்ளாமல், நோயின் இயல்பையும் மறைக்காமல் பேசத் தெரிந்தவர். அப்படிப்பட்டவரை உருவாக்கும் படிப்பைத்தான் பெரியவரின் பேத்தி கேட்கிறாள்.

உருவாக்குகிறதா அந்தப் படிப்பு என்பது அடுத்த கேள்வி. மனச்சோர்வுக்கு ஆங்கிலத்தில் ஐந்து இலக்கணம் எழுதத் தெரிந்த பட்டதாரிக்கு, "நெஞ்சு படபடங்குது, கல்லை வச்ச மாதிரி இருக்குது" என்று நம் தாய்மார் சொல்லும் சொல்லின் பொருள் தெரியாவிட்டால், அவர் கற்ற கல்வி பாதி வழியிலேயே நின்றுவிட்டது. வார்தாக் குழு தாய்மொழியை வற்புறுத்தியது மொழிப்பற்றினால் மட்டுமன்று. உள்ளம் வாழும் வீடு தாய்மொழி என்பதனாலேயாகும்.

மூன்றாவது ஊடகவியல். மைசூர்ப் பல்கலைக் கழகத்தில் உளவியல் பேராசிரியராயிருந்த எம்.வி. கோபாலசுவாமி, 1935இல் தம் இல்லத்திலேயே ஒரு வானொலி நிலையத்தைத் தொடங்கினார். அதற்கு இட்ட பெயர் ஆகாசவாணி. அப்பெயரே பின்னர் அகில இந்திய வானொலிக்கும் ஆயிற்று. உள்ளத்தை ஆராய்ந்தவர் ஒலிபெருக்கியை நாடியதில் வியப்பில்லை; இரண்டும் ஒரே வேலையின் இரு பகுதிகள் என்பதை அவர் உணர்ந்திருந்தார். 1975 ஆகஸ்டு முதல் 1976 ஜூலை வரை ஆறு மாநிலங்களின் 2,400 கிராமங்களுக்குச் செயற்கைக்கோள் வழியே தொலைக்காட்சிக் கல்வி அனுப்பப்பட்டது. காலையில் பள்ளிக் குழந்தைகளுக்கென்றே நிகழ்ச்சிகள் வந்தன. கிராமத்தார் என்ன புரிந்துகொண்டனர் என்று ஆய்வாளர்கள் நேரில் சென்று கேட்டறிந்தனர். கல்வி, உளவியல், ஊடகம், கலை நான்கும் மீண்டும் ஒருமுறை கைகோத்தன.

அதன்பின் 1984 ஆகஸ்டில் பல்கலைக் கழக மானியக் குழுவின் தொலைக்காட்சி வகுப்புகள் தூர்தர்ஷனில் தொடங்கின. அவற்றுக்காக நிகழ்ச்சி தயாரிக்கும் மையங்கள் தமிழகத்திலும், அண்ணா பல்கலைக் கழகத்திலும் மதுரைப் பல்கலைக் கழகத்திலும், எழுந்தன. கருவிகள் வந்தன, திறமையும் வந்தது. ஆனால் வகுப்புகள் பெரும்பாலும் ஆங்கிலத்திலேயே நடந்தன. பகலில் தொலைக்காட்சிப் பெட்டியின் முன் அமர்ந்திருந்த சிற்றூர் மாணவனுக்கு அது எட்டாக் கனியாயிற்று. எவரிடம் பேசுகிறோம் என்று கேளாமல் எப்படிப் பேசுவது என்று மட்டும் கற்பிக்கும் ஊடகப் படிப்புக்கு அது ஒரு பாடம். இன்று கருவி ஒவ்வொருவர் கையிலும் இருக்கிறது. எடுக்கத் தெரியாதவர் இல்லை. எதை எடுக்கலாகாது என்று தெரிந்தவர்தான் அரியர்.

ஊடகப் படிப்பு பையனைக் கெடுக்கும் என்று வருந்தியவருக்கு ஓர் இளைஞரைக் காட்டலாம். டேனிஷ் சித்தீக்கி, ஜாமிஆவின் வெகுஜனத் தொடர்பு மையத்தில் பயின்று 2007இல் பட்டம் பெற்றவர். ராய்ட்டர்ஸ் நிறுவனத்தின் புகைப்படக் குழுவில் ஒருவராக, ரோஹிங்கியா அகதிகளின் துயரத்தைப் படம் பிடித்ததற்காக 2018இல் புலிட்சர் பரிசு பெற்றார். 2021 ஜூலை 16இல் ஆப்கானிஸ்தானில் போர்முனையில் கொல்லப்பட்டு, ஜாமிஆவின் அடக்கத்தலத்திலேயே நல்லடக்கம் செய்யப்பட்டார். கொரோனாக் காலத்து இந்தியாவைக் காட்டிய படங்களுக்காக, மறைவுக்குப் பின் 2022இல் மீண்டும் அப்பரிசு அவருக்கும் உடன் பணிபுரிந்தோருக்கும் வழங்கப்பட்டது. கரையிறங்கிய களைப்பில் மண்ணைத் தொடும் ஓர் அகதிப் பெண்ணின் கையைக் கவனிக்கக் கேமரா கற்பிப்பதில்லை; கருணை கற்பிக்கிறது. அக்கருணைக்கு இடம் தரும் ஊடகப் படிப்பு எவரையும் கெடுப்பதில்லை.

நான்காவது கலை. கலைப் படிப்பென்றால் நம் வீடுகளில் தயக்கம் உண்டு. உருவம் வரைவது பற்றிய மார்க்க வினாவை ஆலிம்களிடம் கேட்டறிவது முறையே. ஆனால் கலை என்பது அதனோடு முடிவதா? கீழக்கரையிலும் காயல்பட்டினத்திலும் பழைய பள்ளிவாசல்களின் கல்தூண்களைச் செதுக்கிய கணக்கு, கலை அல்லவா? எழுத்தணி கலை அல்லவா? தாமிரபரணிக் கரையில் விளையும் கோரையைக் கீறி, பட்டுப்போன்ற பாயாக நெய்யும் பத்தமடைப் பெண்களின் விரல்களில் இருப்பது என்ன? அவர்களுள் பெரும்பாலோர் நம் சமுதாயத்துப் பெண்கள். ஒரு பாயில் எண் இருக்கிறது. வடிவக் கணிதம் இருக்கிறது. சாயத்தின் வேதியியல் இருக்கிறது. ஆற்றின் பூகோளம் இருக்கிறது. வார்தாக் குழு கைத்தொழிலை மையமாக வைத்தபோது கண்டது இதைத்தான். பாய் நெய்யும் தாயின் மகள், பள்ளியில் 'கைவேலை' என்ற பாடத்துக்குக் கடையில் வாங்கிய வண்ணத்தாளை வெட்டி ஒட்டிக்கொண்டிருக்கிறாள். கலைக் கல்லூரிப் பாடத்திட்டமோ அந்தத் தாயை அறியாது.

இதே ஜாமிஆவில் 1954இல் ஒன்று நடந்தது. ஹபீப் தன்வீர், 'ஆக்ரா பஜார்' என்னும் நாடகத்தை அங்குள்ள மாணவர்களையும் ஆசிரியர்களையும் ஓக்லாக் கிராமத்து மக்களையும் சேர்த்து மேடையேற்றினார். எளிய மக்களின் பொருள்களைப் பாடிய நஜீர் அக்பராபாதியைப் பற்றிய நாடகம் அது. வெள்ளரிக்காய் விற்பவன் ஒருவன், சரக்கு விலைபோகாமல் திண்டாடி, கவிஞரிடம் ஒரு பாட்டு வாங்கி வந்து பாடி விற்கிறான். கவிஞர் மேடைக்கு வருவதே இல்லை; அவர் பாட்டு மட்டும் கடைவீதியெங்கும் ஒலிக்கிறது. கல்விக்கூடத்தின் மதில் ஒரு மாலைப் பொழுதுக்கு இல்லாது போயிற்று. கலைப் படிப்பின் இலக்கணமாக இதைக் கொள்ளலாம்.

இவ்வளவும் சொன்னபின் எதிர்வாதத்தையும் கேட்பதே நேர்மை. பழைய ஜாமிஆ சிறியது. சில நூறு பிள்ளைகளுக்குச் சில டஜன் தியாகிகள் கற்பித்த இடம். அதை நாடு முழுதும் பரப்ப இயலுமா? அடிப்படைக் கல்வியையே எடுத்துக்கொள்வோம். அரசுத் திட்டமாக விரிந்தபோது, கைத்தொழில் என்பது பல பள்ளிகளில் தக்ளியைச் சுழற்றும் சடங்காகத் தேய்ந்தது. ஏழைப் பிள்ளைக்கு நூல் நூற்பு, பணக்காரப் பிள்ளைக்கு ஆங்கிலப் பள்ளி என்ற பிரிவினை வந்தது. 1966இல் அறிக்கை தந்த கோத்தாரிக் குழு, 'வேலை அனுபவம்' என்னும் வேறு சொல்லை நாடியது. துறைகள் தனித்தனியே வளர்ந்திராவிட்டால் இன்றைய அறிவு வளர்ந்திராது என்பதும் மெய்யே. மனநோய்க்கு மருந்தறிந்தவர் வேண்டும். கேமராவுக்கு நுட்பமறிந்தவர் வேண்டும். அன்பு மட்டும் போதாது.

ஒப்புகிறேன். ஆனால் அடிப்படைக் கல்வி தோற்றதற்குக் காரணம் குழந்தையை நடுவில் வைத்தது அன்று. தக்ளியை நடுவில் வைத்துவிட்டுக் குழந்தையை மறந்தது. இன்றைய பட்டப் படிப்புகளில் தக்ளியின் இடத்தில் ரெக்கார்டு நோட்டும் கேமராவும் சோதனைத் தாளும் அமர்ந்திருக்கின்றன. கருவி மாறிற்று, நோய் மாறவில்லை. நான்கு துறைகளையும் இடித்து ஒன்றாக்கச் சொல்லவில்லை. ஒவ்வொரு துறைக்கும் பின்பக்கம் ஒரு வாசல் இருக்கட்டும். அந்த வாசல் ஒரு பள்ளிக்கூடத்திலோ, மருத்துவமனையிலோ, கடைவீதியிலோ திறக்கட்டும் என்கிறேன்.

ஜாகிர் ஹுசைன் அவர்கள் 1969இல் மறைந்தார். மறு ஆண்டே இளையான்குடியில் அவர் பெயரால் நம் சமுதாயம் ஒரு கல்லூரியை எழுப்பியது. நன்றியுணர்வுக்கு அது சான்று. பெயரைத் தாங்கினோம், அவர் கொள்கையையும் தாங்கினோமா என்ற கேள்வியை நம் கல்லூரிகள் அனைத்தின் ஆட்சிக் குழுக்களும் தம்மைத் தாமே கேட்டுக்கொள்ளலாம். இறைவனின் முதல் கட்டளையே ஓதுவதைப் பற்றியது என்று மேடைதோறும் முழங்குகிறோம். எதை, எதற்காக, எவருக்காக ஓதுவது என்ற அடுத்த கேள்வியில் மேடை மௌனமாகிவிடுகிறது.

பாடத்திட்டத்தை மாற்றும் அதிகாரம் பெற்றோர் கையில் இல்லை. ஆயினும் சேர்க்கைப் படிவத்தை நிரப்பும் பேனா அவர்கள் கையில் இருக்கிறது. அதைத் திறப்பதற்கு முன் மூன்று கேள்விகளைக் கல்லூரியில் கேட்கலாம். பயிற்சி எங்கே, எத்தனை நாள், எவருடைய மேற்பார்வையில் நடக்கிறது? பிள்ளை கற்பதைத் தமிழில் ஒரு தாயிடம் விளக்கும் பழக்கம் வகுப்பில் தரப்படுகிறதா? முடித்த பின் சட்டப்படி கிடைக்கும் தகுதி என்ன? மூன்றாவது கேள்வி சிறியதன்று. பி.எட். கல்லூரிக்கு ஆசிரியர் கல்விக் குழுவின் அங்கீகாரம் இருக்க வேண்டும். உளவியலில் பட்டம் பெற்ற அனைவரும் நோயாளிகளுக்கு உளச் சிகிச்சை அளிக்கும் மருத்துவ உளவியலராகிவிட முடியாது. அதற்கு இந்திய மறுவாழ்வுக் குழு ஏற்ற தனிப் பயிற்சியும் பதிவும் வேண்டும். இதை அறியாமல் சேர்ந்துவிட்டுப் பின்னர் ஏமாந்த குடும்பங்கள் உண்டு.

அந்த நிக்காஹ் வீட்டுப் பெரியவரை மீண்டும் ஒருநாள் பள்ளிவாசலில் சந்தித்தேன். இம்மூன்று கேள்விகளையும் ஒரு தாளில் எழுதிக் கொடுத்தேன். கண்ணாடியை மாட்டிக்கொண்டு மெதுவாகப் படித்தார். "இதையெல்லாம் நான் கேட்டால் கல்லூரியில் பதில் சொல்வார்களா, தம்பி?" என்றார். "சொல்லாவிட்டால், அந்தக் கல்லூரி வேண்டாம் என்பதுதான் பதில், மாமா" என்றேன். சற்று நேரம் பேசாதிருந்துவிட்டு, "பேத்தியிடமே கொடுக்கிறேன். அவளே கேட்கட்டும்" என்று தாளை மடித்துச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டார்.

தொண்ணூறு ஆண்டுகளுக்கு முன் ஓக்லாவில் அடிக்கல்லை எடுத்து ஒரு சிறுவர் கையில் கொடுத்தவர்களும் இதைத்தான் செய்தார்கள். எவருக்காகக் கட்டடமோ, அவர் கையாலேயே அது தொடங்கட்டும் என்றார்கள். நம் பிள்ளைகளின் படிப்பும் அப்படியே தொடங்கட்டும்.